பெர்லினுக்குப் புதுசா வர்றீங்களா? மொத வருஷத்தை ஓட்ட தெரிஞ்சிக்க வேண்டியதெல்லாம்

பெர்லினுக்கு வர்ற நம்ம பசங்க பொண்ணுங்க எல்லாரும் கேக்குற மொத கேள்வி வீடு எப்படி பிடிக்கிறது, ரெண்டாவது ஜெர்மன் எவ்ளோ தெரியணும். ரெண்டும் நியாயமான கேள்விதான், ஆனா அதுக்கு முன்னாடி இந்த ஊரைப் பத்தி ஒரு விஷயத்தை மனசுல ஏத்திக்கோங்க. நம்ம ஊர்ல எது தெரியலன்னாலும் டீக்கடையில கேட்டா சொல்லிடுவாங்க, பக்கத்து வீட்டு அக்கா சொல்லுவாங்க, வாட்ச்மேன் அண்ணன் கூடவே வந்து காட்டிட்டுப் போவாரு. இங்க யாரும் தானா வந்து எதையும் சொல்ல மாட்டாங்க. பாசம் இல்லாம இல்ல, அதான் எழுதி ஒட்டியிருக்கே அப்புறம் எதுக்கு வாயால சொல்லணும்ங்கிற பழக்கம் அவங்களுக்கு. மாடிப்படி சுவத்துல ஒரு காகிதம், குப்பைத்தொட்டி மூடியில ஒரு படம், பாட்டில் லேபிள்ல ஒரு முத்திரை, தபால் பெட்டியில ஒரு கடுதாசி, இப்படித்தான் இந்த ஊர் உங்ககிட்ட பேசும். போன்ல கேமராவ காட்டினா மொழிபெயர்க்கிற ஆப் ஒண்ணு கட்டாயம் வச்சிக்கோங்க, மொத ஆறு மாசம் அதுதான் உங்களுக்கு பக்கத்து வீட்டு அக்கா.

மொத வேலை, பேரை ஒட்டுறது

இத யாருமே முன்கூட்டி சொல்றதில்ல, அதனால இதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். பெர்லின்ல பெரும்பாலான அடுக்குமாடிகள்ல வீட்டுக்கு நம்பரே கிடையாது. தெரு பேரு இருக்கும், கட்டடத்துக்கு நம்பர் இருக்கும், அதோட சரி. கீழ வாசக்கதவு பக்கத்துல ஒரு பித்தளை பலகையோ அலுமினிய பலகையோ இருக்கும், அதுல வரிசையா பெல் பட்டன், ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு குடும்பப் பேரு. சிலது அழகா அச்சடிச்சிருக்கும், சிலது பழைய பேரு மேலயே டேப் போட்டு பேனாவுல எழுதியிருக்கும். உள்ள போனா தபால் பெட்டி வரிசை, அதுலயும் பேருதான். தபால்காரர் பேர பாத்துதான் போடுவாரு, உங்க பேரு இல்லன்னா கடுதாசிய திருப்பி அனுப்பிடுவாரு. பேங்க் கார்டு ஒரு கடுதாசில வரும், அதோட பின் நம்பர் வேற கடுதாசில வரும், டாக்ஸ் நம்பர் தபால்ல வரும், ஹெல்த் இன்சூரன்ஸ் கார்டும் தபால்லதான் வரும். பேரு ஒட்டலன்னா இது ஒண்ணும் வராது.

நம்ம ஆளுங்களுக்கு இதுல தனியா ஒரு சிக்கல் இருக்கு. நமக்கு குடும்பப் பேருங்கிறதே கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேமா போயிருக்கும், சிலருக்கு சர்நேம் இடமே காலியா இருக்கும். அதனால ஒரு ஆபீஸ்ல இருந்து உங்க பேருக்கு கடுதாசி வரும், இன்னொரு ஆபீஸ்ல இருந்து அப்பா பேருக்கு வரும். ரெண்டு பேரையும் சேர்த்து பெல்லுலயும் தபால் பெட்டியிலயும் ஒட்டிடுங்க. கல்யாணமான ஜோடின்னா ரெண்டு பேரோட முழுப்பேரும் ஒட்டுங்க. வேற ஒருத்தர் வீட்டுல ரூம் எடுத்து இருக்கீங்கன்னா அட்ரஸ் எழுதும்போது அந்த வீட்டுக்காரர் பேரையும் கேர் ஆஃப் போட்டு எழுதுங்க.

பார்சலும் இப்படித்தான். நீங்க வீட்டுல இல்லன்னா டெலிவரி ஆளு பக்கத்து வீட்டுல குடுத்துட்டு உங்க தபால் பெட்டியில ஒரு சீட்டு போட்டுட்டு போவாரு, அதுல யாரு வாங்கினாங்கன்னு பேரு இருக்கும். சாயந்தரம் போய் பெல் அடிச்சு ஹலோ சொல்லி வாங்கிக்கோங்க. நீங்களும் அவங்களுக்கு வாங்கி வைங்க. இந்த ஊர்ல பக்கத்து வீட்டு ஆளோட முகம் பழகுறது பெரும்பாலும் இந்த பார்சல் விஷயத்துலதான், அந்த வாய்ப்ப விடாதீங்க.

அன்மெல்டுங்

வீட்டுக்கு குடி வந்த ரெண்டு வாரத்துக்குள்ள ப்யூர்கராம்ட்ங்கிற உள்ளூர் அரசு ஆபீஸ்ல போய் அட்ரஸ் பதிவு பண்ணணும், அதுக்குப் பேருதான் அன்மெல்டுங். பாஸ்போர்ட், ஃபாரம், வீட்டு ஓனர் கையெழுத்து போட்ட உறுதிக் கடிதம் இதெல்லாம் வேணும். வாடகை ஒப்பந்தம் மட்டும் காட்டினா போதாது, அந்த உறுதிக் கடிதம் தனி, வீடு எடுக்கும்போதே கேட்டு வாங்கிடுங்க. அன்மெல்டுங் பண்ண விடமாட்டேன்னு சொல்ற வீட்டை எவ்ளோ மலிவா இருந்தாலும் எடுக்காதீங்க, அது இல்லாம இங்க அடுத்த எந்த வேலையும் நகராது.

அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதுதான் கஷ்டம். உங்க ஏரியா ஆபீஸுக்குத்தான் போகணும்னு இல்ல, பெர்லின்ல எந்த ஏரியா ப்யூர்கராம்ட்டுக்கும் போகலாம், அதனால தேடும்போது எல்லா ஆபீஸையும் டிக் பண்ணுங்க. காலையில சீக்கிரமா வெப்சைட்ட திறந்து பாருங்க, மத்தவங்க கேன்சல் பண்ண இடம் அப்பப்ப வந்து விழும், ஒரு மணி நேரம் விட்டு விட்டு பாத்தா சிக்கும். கிடைச்ச தேதி ரெண்டு வாரம் தாண்டிப் போனாலும் புக் பண்ணின அந்த ஈமெயிலை பத்திரமா வைங்க.

ஃபாரத்துல மதம்னு ஒரு கட்டம் இருக்கும். நம்ம கிறிஸ்தவ நண்பர்கள் இத கவனிக்கணும். கத்தோலிக்கர்னோ இந்த ஊர் புராட்டஸ்டன்ட் சபைன்னோ போட்டா சம்பளத்துல சர்ச் வரி பிடிப்பாங்க, பெர்லின்ல உங்க வருமான வரியில 9 சதவீதம். குடுக்கணும்னு விருப்பம் இருந்தா தாராளமா குடுங்க, அந்தக் காசுல சர்ச்சுங்க நல்ல வேலையும் செய்யுறாங்க. ஆனா தெரிஞ்சே முடிவு பண்ணுங்க, ஏன்னா அப்புறம் வெளிய வரணும்னா தனியா ஒரு ஆபீஸுக்குப் போய் எழுதிக் குடுக்கணும்.

பதிவு முடிஞ்ச கொஞ்ச நாள்ல ரேடியோ டிவி கட்டணம்னு ஒரு கடுதாசி வரும். வீட்டுல டிவியே இல்லன்னாலும் கட்டணும், ஒரு வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ. ஆளுக்கு இல்ல வீட்டுக்கு, அதனால கூட இருக்கிற யாராவது ஏற்கனவே கட்டிட்டு இருந்தா அவங்க நம்பரை எழுதி அனுப்பினா போதும். இது ஏதோ ஏமாத்து வேலைன்னு நினைச்சு அந்த கடுதாசிய தூக்கிப் போடுறவங்க நிறைய பேர், அப்புறம் அபராதத்தோட சேர்ந்து வரும்.

இங்க கடுதாசின்னா கடுதாசிதான். எந்த கடுதாசி வந்தாலும் அன்னைக்கே திறந்து பாருங்க, மொத பாக்க வேண்டியது மேல இருக்கிற தேதி, அடுத்தது உள்ள எந்த தேதிக்குள்ள பதில் கேக்குறாங்கங்கிறது. மஞ்ச கவர்ல வந்தா அது ரொம்ப முக்கியம், அந்த கவர் மேல தபால்காரர் கையால ஒரு தேதி எழுதியிருப்பாரு, அன்னையில இருந்துதான் நாள் கணக்கு, அதனால கவரையும் சேர்த்தே வைங்க. கடையில தடியா ரெண்டு வளையம் வச்ச ஃபைல் கிடைக்கும், வீடு, வேலை, இன்சூரன்ஸ், வரின்னு பிரிச்சு துளை போட்டு வச்சிடுங்க. விசா நீட்டிக்கிற ஆபீஸும் இதே மாதிரி காகிதம்தான் கேக்கும், கையில இருக்கிற விசா முடியுறதுக்கு முன்னாடியே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கணும், அது மட்டும் தள்ளிப் போடவே கூடாது.

வீடு

வீடு தேடுறத பத்தி நிறைய பேர் எழுதியாச்சு, நான் சுருக்கமா சொல்றேன். நேர்ல பாக்காம ஒரு யூரோ கூட அனுப்பாதீங்க, சாவிய கூரியர்ல அனுப்புறேன்னு சொன்னா அது திருட்டுக் கும்பல்தான். அட்வான்ஸ் சட்டப்படி மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாது, அதுவும் ஹீட்டிங் தண்ணி செலவெல்லாம் சேக்காத வெறும் வாடகையில மூணு மடங்கு, அதையும் மூணு தவணையா குடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. விளம்பரத்துல வெறும் வாடகை ஒண்ணு, செலவெல்லாம் சேர்ந்தது ஒண்ணுன்னு ரெண்டு தொகை போட்டிருப்பாங்க, பெரிய தொகையை பாத்து உங்க பட்ஜெட்ட போடுங்க.

ஃபர்னிச்சர் இல்லாத வீடுன்னா நம்ம ஊர் மாதிரி நினைச்சுட்டுப் போகாதீங்க. பல வீட்டுல கிச்சனே இருக்காது, அதாவது ரூம் இருக்கும், தண்ணி பைப் இருக்கும், ஆனா அடுப்பு, சிங்க், கப்போர்டு ஒண்ணும் இருக்காது, முன்னாடி இருந்தவங்க கழட்டிட்டுப் போயிருப்பாங்க. உத்தரத்துல லைட் இருக்காது, ரெண்டு மூணு ஒயர் மட்டும் தொங்கும். காலி பண்றவங்ககிட்ட பேசி அவங்க கிச்சனை விலைக்கு வாங்கிக்கிறது இங்க சகஜம், வீடு பாக்கப் போகும்போதே அத கேளுங்க.

சாவி விஷயத்துல ஜாக்கிரதை. கதவு வெளிய இழுத்தா தானா பூட்டிக்கும், வெளிப்பக்கம் திருகுற கைப்பிடி இருக்காது, குப்பை போட வெளிய வந்து காத்துல கதவு சாத்திக்கிச்சுன்னா அவ்ளோதான். ராத்திரியில பூட்டு திறக்கிற ஆளை கூப்பிட்டா வாய்க்கு வந்த தொகை கேக்குறவங்களும் இருக்காங்க, கூப்பிடும்போதே மொத்தமா எவ்ளோன்னு கேட்டுக்கோங்க. அதுக்கும் மேல, ஒரு உதிரி சாவிய நம்பிக்கையான நண்பர்கிட்ட குடுத்து வைங்க. வாசக்கதவு சாவி பல கட்டடத்துல எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு செட்டா இருக்கும், அது தொலைஞ்சா மொத்த கட்டடத்துக்கும் பூட்டு மாத்துற செலவு உங்க தலையில விழலாம். இதுக்காகவே ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட்னு ஒரு இன்சூரன்ஸ் இருக்கு, நீங்க மத்தவங்களுக்கு பண்ற சேதத்துக்கு அது குடுக்கும், வருஷத்துக்கு சின்ன தொகைதான், சாவி தொலையுறதும் அதுல சேருதான்னு பாத்து எடுங்க.

குளிர்காலத்துல ஜன்னல். நம்ம சமையல்ல ஆவி ஜாஸ்தி, சாதம் வடிக்கிறோம், குக்கர் விசில் விடுறோம், துணிய வீட்டுக்குள்ளயே காயப் போடுறோம், ஜன்னல திறக்காம இருந்தா ரெண்டே மாசத்துல மூலையில கருப்பா பூஞ்சை பிடிக்கும், காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல கழிப்பாங்க. எவ்ளோ குளிரா இருந்தாலும் காலையில ஒரு தடவ சாயந்தரம் ஒரு தடவ ஹீட்டரை குறைச்சிட்டு ஜன்னலை முழுசா திறந்து அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, அப்புறம் சாத்திடுங்க. ஜன்னல் கைப்பிடி கீழ பாத்தா பூட்டு, படுக்கை வாட்டத்துல இருந்தா முழுசா திறக்கும், மேல பாத்தா லேசா சாயும். அந்த சாய்ச்ச நிலையில நாள் முழுக்க விடுறதுல பிரயோஜனம் இல்ல, சுவரு குளிர்ந்து போய் ஹீட்டிங் பில்தான் ஏறும். ஹீட்டர்ல 1ல இருந்து 5 வரைக்கும் எண் இருக்கும், 3ல வச்சா ரூம் ஏறக்குறைய 20 டிகிரி வரும், 5ல வச்சா சீக்கிரம் சூடாகும்னு நினைக்காதீங்க, அது எந்த சூட்டுல நிக்கணுங்கிறதைத்தான் சொல்லுது.

ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் அமைதி நேரம், ஞாயித்துக்கிழமை நாள் முழுக்க. மிக்ஸியில சட்னி அரைக்கிறது ஒரு நிமிஷ வேலை, பகல்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு கிரைண்டர் போட்டா கீழ் வீட்டுல கட்டில் வரைக்கும் அதிரும். ஞாயித்துக்கிழமை சுவத்துல டிரில் போடவே போடாதீங்க. நம்ம ஊர் மிக்ஸி இங்க நல்லாவே ஓடும், ரெண்டு ஊர்லயும் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டும்தான் வேற, தடியான நல்ல அடாப்டரா ஊர்லயே வாங்கிட்டு வந்துடுங்க. இட்லி மாவு குளிர்ல புளிக்காது, ஓவன் அடுப்பை சூடு பண்ணாம உள்ள லைட்ட மட்டும் போட்டு பாத்திரத்தை வச்சு மூடுங்க, காலையில பொங்கி இருக்கும். மிளகாய் தாளிக்கும்போது ரூம் கதவை சாத்திட்டு கிச்சன் ஜன்னலை திறங்க, படுக்கை ரூம்லயும் நடையிலயும் புகை அலாரம் கட்டாயம் இருக்கும், அது அலறினா தெருவுக்கே கேக்கும்.

குப்பை பின்பக்க முற்றத்துல போடணும். நீல தொட்டி காகிதத்துக்கு, மஞ்ச தொட்டி பிளாஸ்டிக்கும் டப்பாவும், பழுப்பு தொட்டி காய்கறி தோலும் மிச்ச சாப்பாடும், கருப்பு தொட்டி மத்ததெல்லாம். கண்ணாடி பாட்டில்ல வெள்ளை தனி, கலர் தனி, அதையும் ராத்திரியிலயும் ஞாயித்துக்கிழமையும் போடக்கூடாது, சத்தம் வரும்ல. பழுப்பு தொட்டியில பிளாஸ்டிக் கவரோட போடாதீங்க, இது நம்ம ஆளுங்க அதிகமா பண்றது.

கடை கண்ணி, பாட்டில் காசு

ஞாயித்துக்கிழமை கடை எல்லாம் மூடியிருக்கும், சனிக்கிழமை சாயந்தரமே பால் காய்கறி வாங்கி வச்சிடணும். அவசரம்னா ஹவுப்ட்பான்ஹோஃப் மாதிரி பெரிய ஸ்டேஷனுக்குள்ள சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும், கூட்டம் அலைமோதும். மூலைக்கு மூலை இருக்கிற ஷ்பேட்டி பெட்டிக்கடையில தண்ணி, சிப்ஸ், பால் கிடைக்கும், விலை கொஞ்சம் கூட. லீவு நாளும் ஞாயிறு மாதிரிதான், டிசம்பர் 25, 26 ரெண்டு நாளும் லீவு, பக்கத்துலயே ஞாயிறும் வந்தா மூணு நாள் தொடர்ந்து கடை இருக்காது. மார்ச் 8 மகளிர் தினம் பெர்லின்ல அரசு விடுமுறை, 2019ல இருந்து, மத்த ஊர் காலண்டரை பாத்துட்டு கடைக்குப் போனா கதவு பூட்டியிருக்கும்.

கடையில பில் போடுறவங்க வேகத்த பாத்து பயப்படாதீங்க. சாமானை பெல்ட்ல வச்சு உங்களுக்குப் பின்னாடி அந்த தடுப்புக் கட்டைய வைங்க, பை சொந்தமா கொண்டு போங்க, பில் போட்டதெல்லாம் மொத்தமா டிராலியில திரும்ப போட்டுட்டு காசு குடுத்துட்டு அந்தப் பக்கம் ஒரு மேடை இருக்கும் அங்க போய் நிதானமா அடுக்குங்க. டிராலி எடுக்க 1 யூரோ காசோ 50 சென்டோ சொருகணும், பர்ஸ்ல ஒண்ணு எப்பவும் இருக்கட்டும்.

பாட்டில் காசு எனக்கு இந்த ஊர்ல ரொம்ப பிடிச்ச ஏற்பாடு. தண்ணி பாட்டில், கோலா டப்பா எது வாங்கினாலும் பில்லுல விலைக்கு கீழ ஃபாண்ட்னு ஒரு வரி தனியா வரும், ஒரு தடவ பயன்படுத்துற பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் 25 சென்ட், சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், திரும்ப நிரப்புற மத்த பாட்டில் பலதுக்கு 15 சென்ட். காலி பாட்டிலை சூப்பர்மார்க்கெட் உள்ள இருக்கிற மெஷின்ல குடுத்தா அந்தக் காசு திரும்ப வரும். சுவத்துல வட்டமா ஒரு ஓட்டை இருக்கும், பாட்டிலோட அடிப்பக்கம் உள்ள போற மாதிரி படுக்க வைங்க, மெஷின் அதை உருட்டி லேபிளை படிக்கும், உள்ள போய் நசுங்குற சத்தம் கேக்கும், ஸ்க்ரீன்ல 0.25ன்னு வரும். லேபிள் கிழிஞ்சிருந்தாலோ நீங்களே முன்னாடி நசுக்கியிருந்தாலோ திருப்பித் தள்ளிடும். எல்லாம் போட்டு முடிச்சதும் பச்சை பட்டனை அமுக்கினா சீட்டு வரும், அதை பில் போடுற இடத்துல குடுத்தா கழிச்சுக்குவாங்க, எதுவும் வாங்கலன்னா கையில காசாவே குடுப்பாங்க. அந்த சீட்டை வேற கடையில வாங்க மாட்டாங்க, அதே கடையிலதான்.

வெளிய பார்க்குல குடிச்சீங்கன்னா பாட்டிலை குப்பைத்தொட்டிக்கு உள்ள போடாதீங்க, வெளிய பக்கத்துல நிறுத்தி வைங்க. அதை பொறுக்கி வித்து வாழ்க்கை ஓட்டுற பெரியவங்க நிறைய பேர் இருக்காங்க, கிழிஞ்ச கோட்டோட ஒரு பாட்டி டார்ச் அடிச்சு தொட்டிக்குள்ள கைய விட்டு துழாவுறத பாத்தா அப்புறம் உள்ள போட மனசே வராது. பணக்கார நாடுன்னு வந்தோம், இங்கயும் பென்ஷன் பத்தாதவங்க இருக்காங்க.

காய்கறிக்கு துருக்கிக் கடைதான் நமக்கு அம்மா வீடு. கொத்தமல்லி, புதினா பெரிய பெரிய கட்டா கிடைக்கும், சூப்பர்மார்க்கெட்ல அதே விலைக்கு நாலு தண்டு பிளாஸ்டிக் உறையில இருக்கும். வெண்டைக்கா, கத்திரிக்கா, பச்சை மிளகா, கொண்டக்கடலை, மசூர் பருப்பு, நல்ல கெட்டித் தயிர் எல்லாமே அங்கயே முடிஞ்சிடும். செவ்வாயும் வெள்ளியும் மைபாக்ஊஃபர் வாய்க்கால் கரையில சந்தை கூடும், சாயந்தரம் கடை கட்டுற நேரத்துக்குப் போனா பெட்டியோட விலைய குறைச்சு கூவிக் கூவி குடுப்பாங்க, கோயம்பேடு ஞாபகம் வந்துடும். கருவேப்பிலை, முருங்கைக்கா, இட்லி அரிசி, புளி இதெல்லாம் இந்திய கடையிலயும் ஈழத் தமிழர் நடத்துற கடையிலயும் கேளுங்க, கருவேப்பிலை எந்த நாள் வருதுன்னு விசாரிச்சு வச்சிக்கிட்டு அன்னைக்கே போயி வாங்கி கழுவி துடைச்சு ஃப்ரீசர்ல போட்டுட்டா மாசம் தாங்கும். பொங்கலுக்கு சூப்பர்மார்க்கெட்ல மில்ஷ்ரைஸ்னு பால் பாயசம் வைக்கிற குண்டு அரிசி மலிவா கிடைக்கும், நல்லா குழையும்.

குழாய் தண்ணி தாராளமா குடிக்கலாம், கேன் வாங்கி மாடி ஏத்த வேண்டாம். சுண்ணாம்பு ஜாஸ்தி, கெட்டில்ல வெள்ளையா படியும், வினிகர் ஊத்தி கொதிக்க விட்டா போயிடும். ஹோட்டல்ல தண்ணி கேட்டா காசு, அதுவும் சோடா மாதிரி கேஸ் இல்லாததுன்னு குறிப்பா சொல்லணும்.

போக்குவரத்து

ஊ பான்னா மெட்ரோ, எஸ் பான்னா புறநகர் ரயில், ரெண்டுலயும் கேட் கிடையாது, நேரா பிளாட்ஃபாரத்துக்கு நடந்து போகலாம். அதனால ஓசின்னு நினைக்காதீங்க, சாதாரண டிரஸ்ல இருக்கிறவங்க கதவு மூடினதும் எழுந்து டிக்கெட் கேப்பாங்க, இல்லன்னா 60 யூரோ. மெஷின்ல எடுக்கிற காகித டிக்கெட்டை பிளாட்ஃபாரத்துல இருக்கிற சின்ன பெட்டியில சொருகி முத்திரை குத்தணும், குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லாததுக்கு சமம். ஊர் முழுக்க ஏ, பி, சின்னு மூணு வட்டம், ஏர்போர்ட் சி வட்டத்துல இருக்கு, வந்து இறங்குற அன்னைக்கே ஏபி டிக்கெட் எடுத்து மாட்டுறவங்க நிறைய பேரு, ஏபிசி எடுங்க.

மாசா மாசம் போறவங்களுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் போதும், 2023 மேயில மாசத்துக்கு 49 யூரோன்னு ஆரம்பிச்சாங்க, 2025ல 58, 2026ல 63 யூரோ. நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், மெட்ரோ, பாசஞ்சர் ரயில் எல்லாத்துலயும் போகலாம், ஐசிஇ மாதிரி வேக ரயில்ல மட்டும் செல்லாது. நிறுத்தணும்னா அந்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணணும், இல்லன்னா அடுத்த மாசமும் பிடிச்சிடும். மாணவர்கள் வேற எதையும் வாங்குறதுக்கு முன்னாடி யூனிவர்சிட்டியில செமஸ்டர் டிக்கெட் இருக்கான்னு பாருங்க.

ஊர் பிடிபடணும்னா வந்த மொத வார ஞாயித்துக்கிழமை எஸ் 41ங்கிற எஸ் பான்ல ஏறி உக்காருங்க. அது ஊரை கடிகாரம் சுத்துற திசையில வட்டமடிக்கும், எஸ் 42 எதிர் திசையில, 27 ஸ்டேஷன், சரியா ஒரு மணி நேரத்துல ஏறின இடத்துக்கே வந்துடுவீங்க. எந்தப் பக்கம் எந்த ஏரியா, எங்க எந்த ஊ பான் மாறணும்னு ஒரே சுத்துல மனசுல பதிஞ்சிடும்.

நடைபாதையில சிவப்பா கல்லு பதிச்ச பட்டை இருந்தா அது சைக்கிளுக்கு, அதுல நடந்தீங்கன்னா மணி அடிச்சு திட்டிட்டே போவாங்க. சிக்னல்ல சிவப்பு இருந்தா வண்டியே வரலன்னாலும் நில்லுங்க, முக்கியமா பக்கத்துல குழந்தைங்க இருந்தா, அவங்க நம்மள பாத்து பழகுவாங்க. நடக்கிறவங்க சிக்னல் விளக்குல தெரியுற அந்த தொப்பி போட்ட குட்டி மனுஷன் கிழக்கு ஜெர்மனி காலத்து ஆளு, 1961ல வரைஞ்சது, சுவரு இடிஞ்சப்புறம் எடுத்துடப் பாத்தாங்க, மக்கள் விடல, இப்ப மேற்கு பெர்லின் தெருவுலயும் அவருதான் நிக்கிறாரு.

உடம்பு சரியில்லன்னா

நல்லா இருக்கும்போதே வீட்டுப் பக்கத்துல ஒரு ஹவுஸ்ஆர்ட்ஸ்ட், அதாவது குடும்ப டாக்டரை பிடிச்சு வைங்க, காய்ச்சல்ல படுத்தப்புறம் தேடினா புது ஆளை சேக்கல்லன்னு சொல்லுவாங்க. உயிர் போற அவசரம்னா 112, போலீஸ் 110. ராத்திரி, வார இறுதியில டாக்டர் வேணும் ஆனா ஆம்புலன்ஸ் அளவுக்கு இல்லன்னா 116117. பாரசிட்டமால் கூட சூப்பர்மார்க்கெட்ல கிடைக்காது, சிவப்பு ஏ எழுத்து போட்ட அபோதேகேங்கிற மருந்துக்கடையிலதான், அதுவும் ஞாயிறு மூடியிருக்கும், அன்னைக்கு எந்த அபோதேகே டியூட்டின்னு எல்லா அபோதேகே கதவுலயும் ஒட்டியிருக்கும். ஊர்ல இருந்து வரும்போது ஒரு சின்ன டப்பாவுல காய்ச்சல், வயித்து மாத்திரை கொண்டு வாங்க. சளி பிடிச்சா டாக்டர் ஆன்டிபயாடிக் குடுக்க மாட்டாரு, டீ குடி, தூங்கு, ஒரு வாரம் வேலைக்குப் போகாதன்னு சொல்லி அனுப்புவாரு. அதை நம்புங்க, லீவ எடுங்க. உடம்பு முடியாம இருக்கிற நாளுக்கு கம்பெனி ஆறு வாரம் வரைக்கும் முழு சம்பளம் குடுக்கணுங்கிறது சட்டம், வேலைக்குச் சேர்ந்த மொத நாலு வாரத்துக்கு மட்டும் கம்பெனிக்கு பதிலா இன்சூரன்ஸ் பக்கம் போகணும். மேனேஜர் என்ன நினைப்பாரோன்னு காய்ச்சலோட போனா மத்தவங்களுக்கு ஒட்ட வந்துட்டான்னுதான் நினைப்பாங்க.

ஆளுங்க

மாடிப்படியில எதிர்ல வந்தா ஹலோ, கடைய விட்டு கிளம்பும்போது ச்சூஸ், டாக்டர் வெயிட்டிங் ரூமுக்குள்ள நுழையும்போது எல்லாருக்கும் பொதுவா ஒரு குட்டன் டாக். இந்த மூணையும் விடாம சொல்லுங்க, முகத்தை உர்ருன்னு வச்சிருக்கிறவங்க கூட பதில் சொல்லுவாங்க. பெர்லின்காரங்க பேச்சு கொஞ்சம் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுதான், பஸ் டிரைவர் கத்தினா உங்க நிறத்துக்காகன்னு உடனே மனசை வருத்திக்காதீங்க, அவரு எல்லார்கிட்டயும் அப்படித்தான். நிறத்துக்காக நடக்கிற கெட்டதும் இந்த ஊர்ல இருக்கு, அது நடக்கும்போது உங்களுக்கே வித்தியாசம் தெரியும், அப்ப சும்மா இருக்காதீங்க, பக்கத்துல இருக்கிறவங்கள சத்தமா கூப்பிடுங்க, போலீஸ்ல எழுதிக் குடுங்க.

பிறந்த நாளுக்கு முன்கூட்டி வாழ்த்து சொல்லவே கூடாது, அபசகுனம்னு நினைப்பாங்க. உங்க பிறந்த நாளுன்னா நீங்கதான் ஆபீஸுக்கு கேக் கொண்டு போகணும், கேசரி கொண்டு போங்க, தட்டு காலியா வரும். யாராவது வீட்டுக்கு கூப்பிட்டா சொன்ன நேரத்துக்குப் போங்க, வாசல்ல செருப்ப கழட்டணுமான்னு கேட்டுக்கோங்க, பல வீட்டுல நம்மள மாதிரிதான். வர முடியலன்னா முந்தின நாளே சொல்லிடுங்க. கோடையில ஏரிக்குப் போனா சில கரையில துணியில்லாம குளிப்பாங்க, பெரியவங்க, குடும்பம் எல்லாரும், அது இங்க ரொம்ப நாள் பழக்கம். முறைக்காதீங்க, போனை வெளிய எடுக்காதீங்க, நீங்க நீச்சல் டிரஸ் போட்டுக்கிட்டு குளிச்சா யாரும் கேக்க மாட்டாங்க.

வெளிச்சம்

வந்த மொத நவம்பர்தான் ரொம்ப கஷ்டம். டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும், பல நாள் சூரியனையே பாக்க முடியாது, ஊர்ல வெயில்ல வளர்ந்த உடம்புக்கு அது பெரிய அதிர்ச்சி. காரணமே இல்லாம அழுகை வரும், தூக்கம் தூக்கமா வரும், இது உங்களுக்கு மட்டும் இல்ல, இங்க பிறந்தவங்களுக்கும் வரும். டாக்டர்கிட்ட வைட்டமின் டி பத்தி கேளுங்க, மத்தியானம் சாப்பிட்டதும் மழையா இருந்தாலும் ஒரு இருபது நிமிஷம் வெளிய நடங்க, நல்ல ஷூவும் காத்து புகாத ஜாக்கெட்டும் வாங்க காசு பாக்காதீங்க. சாயந்தரம் ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காம வாரத்துல ஒரு நாளாவது யாரையாவது பாத்துடுங்க. ப்ரிட்ஸ்ல ஈழத் தமிழர்கள் கட்டின மயூரபதி முருகன் கோயில் இருக்கு, சாமி நம்பிக்கை இல்லன்னாலும் தமிழ் காதுல விழும். போரை விட்டு ஓடி வந்து மொழி தெரியாம இந்த ஊர்ல காலூன்றினவங்க அவங்க, நம்ம சந்தேகத்துக்கெல்லாம் அவங்ககிட்ட பதில் இருக்கும், மரியாதையா கேளுங்க.

வீட்டுக்கு போன் பண்ற நேரத்தையும் இப்பவே பேசி வச்சிடுங்க. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்ன தள்ளுவாங்க, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்ன தள்ளுவாங்க, அதனால கோடையில ஊருக்கும் இங்கயும் மூணரை மணி நேர வித்தியாசம், குளிர்ல நாலரை. நவம்பர்ல நீங்க வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து கூப்பிட்டா அங்க ராத்திரி பத்தரை, அம்மா உங்க போனுக்காக முழிச்சிட்டு இருப்பாங்க. மத்தியான சாப்பாட்டு நேரத்துல வெளிய நடக்கும்போது கூப்பிட்டீங்கன்னா அங்க சாயந்தரம் அஞ்சு மணி, அப்பாவும் டீ குடிச்சிட்டு உக்காந்திருப்பாரு, வீடியோவைப் போட்டு தெருவையும் காட்டிட்டே பேசலாம்.